தட்டு காலி, சரக்கு எங்கே?

தண்ணியில மாசுன்னு பேப்பர்ல செய்தி வந்தா நாம எல்லாரும் முதல்ல தேடுறது ஒரு எண்ணைத்தான். லிட்டருக்கு எத்தனை நானோகிராம், அமெரிக்கா வச்சிருக்கிற வரம்பை விட எத்தனை மடங்கு. அந்த எண்ணைப் பார்த்து "அடேயப்பா" சொல்லிட்டு அடுத்த பக்கம் சினிமாவுக்குப் போயிடுவோம். இந்தப் பதிவு அந்த எண்ணைப் பத்தி இல்லை. யாரும் கேட்காத வேற ரெண்டு எண்ணைப் பத்தி. ஒண்ணு, இந்தச் சரக்கு எந்தச் சூட்டில் ஆவியாகிப் பறக்கும்? இன்னொண்ணு, எந்தச் சூட்டில் உடையும்? இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியிலதான் நம்ம ஊர் குப்பை அரசியல் முழுக்க உட்கார்ந்திருக்குன்னு நான் நினைக்கிறேன். ஒத்துக்காதவங்க கடைசி வரைக்கும் படிச்சிட்டுத் திட்டலாம்.

சரக்குன்னு நான் சொல்றது பிஃபாஸ். ஆங்கிலப் பத்திரிகைக்காரங்க "நிரந்தர ரசாயனம்"னு பேர் வச்சிருக்காங்க. கார்பன் சங்கிலியில ஹைட்ரஜன் உட்கார வேண்டிய இடத்துல எல்லாம் ஃபுளூரின் உட்கார்ந்திருக்கும். கார்பன்-ஃபுளூரின் பிணைப்பை உடைக்க மோலுக்கு ஏறக்குறைய 485 கிலோஜூல் வேணும். சாதாரண கார்பன்-கார்பன் பிணைப்புக்கு 350 கிட்ட போதும். அதனால வெயில், பாக்டீரியா, நம்ம கல்லீரல், எதுக்கும் இது மசியாது. 1938-ல ராய் பிளங்கெட்ங்கிறவர் குளிர்பதன வாயு செய்யப் போய், உருளைக்குள்ள வெள்ளைப் பொடியா டெஃப்லான் கிடைச்ச கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அதுக்கப்புறம் மழைக்கோட்டு, கறை படாத சோபா துணி, பீட்சா அட்டை, தீயணைப்பு நுரைன்னு ஆயிரக்கணக்கான வடிவத்துல வீட்டுக்குள்ள வந்தாச்சு.

நம்ம ஊர் விஷயத்துக்கு வர்றேன். 2016-லேயே அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு ஆறு, குளத்துத் தண்ணியில பி.எஃப்.ஓ.ஏ., பி.எஃப்.ஓ.எஸ். ரெண்டையும் தேடிப் பார்த்துக் கட்டுரை போட்டாங்க. இந்தக் குடும்பத்துலயே அதிகம் கெட்ட பேர் எடுத்த ரெண்டு பேர் இவங்கதான். அப்ப யாரும் கண்டுக்கலை. 2024-ல சென்னை ஐ.ஐ.டி. ஆய்வு செய்தியா வந்தப்பதான் கொஞ்சம் சத்தம். அடையாறு, பக்கிங்காம் கால்வாய், செம்பரம்பாக்கம் ஏரி, பெருங்குடி குப்பைமேட்டைச் சுத்தி நிலத்தடி நீர், எல்லா இடத்துலயும் இருக்குன்னு சொன்னாங்க. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கு எடுத்துக்கிட்டது. அதே 2024 ஏப்ரல்ல அமெரிக்கா குடிதண்ணிக்கு வச்ச வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம். கிராமை நூறு கோடியாப் பிரிச்சு அதுல நாலு.

இரும்புலியூர்ல உட்கார்ந்துகிட்டு இதுல உனக்கு என்னய்யா அக்கறைன்னு கேப்பீங்க. அடையாறு பொறக்கறதே எங்க பக்கம்தான். ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர்னு எங்க சுத்துப்பட்டு ஏரிகளோட உபரித் தண்ணிதான் சேர்ந்து அடையாறு ஆகுது. 2015 டிசம்பர்ல முடிச்சூர்ல படகு விட்டாங்களே, அந்தத் தண்ணி. அது திருநீர்மலை, அனகாபுத்தூர் தாண்டி, மீனம்பாக்கம் ஓடுபாதைக்குக் கீழே புகுந்து, பட்டினப்பாக்கத்துல கடல்ல சேருது. ஆத்தோட ஒரு முனையில நாங்க, மறுமுனையில நுரை. நுரை கதைக்கு அப்புறம் வர்றேன்.

இப்ப ஆவியாகிற கதை. இதுல ஒரு தமிழர் இருக்கார்ங்கிறது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். குருந்தாசலம் கண்ணன். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்துல படிச்சு, ஜப்பான் போய், அமெரிக்காவுல ஆராய்ச்சி பண்ணவர். இவரும் ஜான் கீசிங்கிற பேராசிரியரும் 2001-ல ஒரு கட்டுரை போட்டாங்க. உலகம் பூரா காட்டு விலங்குகளோட ரத்தத்துலயும் ஈரல்லயும் பி.எஃப்.ஓ.எஸ். இருக்கான்னு பார்த்தாங்க. கழுகுல இருக்கு. சீல்ல இருக்கு. ஃபேக்டரி வாசனையே இல்லாத ஆர்க்டிக் பனிக்கரடியில இருக்கு! அதுவரைக்கும் இது ஏதோ ஆலைத் தொழிலாளிகளோட பிரச்சினைன்னு நினைச்சுகிட்டு இருந்த உலகம் அன்னைக்குத்தான் முழிச்சது.

ஆனா உண்மையான புதிர் அங்கதான் ஆரம்பிக்குது. பி.எஃப்.ஓ.எஸ். உப்பு ஆவியாகவே ஆகாத ஆசாமி. 400 டிகிரிக்குச் சூடு பண்ணாலும் உருகாது. அப்புறம் எப்படி பனிக்கரடி வீட்டுக்குப் போச்சு? ஒரு வழி, கடல் நீரோட்டம். இன்னொரு வழி, மாறுவேஷம். ஃபுளூரோடெலோமர் ஆல்கஹால்னு ஒரு அண்ணன் தம்பி கூட்டம் இருக்கு. துணிக்கும் தாளுக்கும் போடுற பூச்சுகள்ல இது மிச்சம் மீதி ஒட்டிக்கிட்டு இருக்கும். இது நல்லாவே ஆவியாகும். காத்துல சுமார் 20 நாள் உசிரோட திரியும். 20 நாள் போதாதா வட துருவம் போக? போற வழியில உடைஞ்சு, பி.எஃப்.ஓ.ஏ. மாதிரி ஆவியாகாத அமிலமா மாறி, மழையிலயும் பனியிலயும் கீழே இறங்கிடும். 2004-ல கனடாக்காரங்க சோதனைச்சாலையிலயே இதை நடத்திக் காட்டினாங்க. ஏறும்போது ஒரு ரூபம், இறங்கும்போது வேற ரூபம். எங்க ஊர் பைபாஸ்ல நம்பர் பிளேட் மாத்திகிட்டு ஓடுற லாரி மாதிரி.

ஏ.சி. வாயுவும் இதே கதைதான். ஆர்-134ஏ கொதிக்கிறது மைனஸ் 26 டிகிரியில. கசிஞ்சா நேரா வானம். அங்க அதுல ஒரு பங்கு ட்ரைஃபுளூரோ அசிட்டிக் அமிலமா மாறி மழையில வந்துடும். ஓசோனுக்கு நல்ல பிள்ளைன்னு பேர் வாங்கின புது கார் ஏ.சி. வாயு இருக்கே, ஆர்-1234ஒய்எஃப், அது கிட்டத்தட்ட முழுசுமே அப்படி மாறிடும்.

ஆக, ஒரு சரக்கு எவ்வளவு ஆவியாகும்ங்கிற ஒத்தை எண்தான் அது எந்த ஊருக்குப் போகும்னு முடிவு பண்ணுது. சரி, அந்த எண்ணை எப்படி அளக்கிறது?

பாச்சை உருண்டையை பீரோவுல போட்டு வைக்கிறோம். ரெண்டு மாசத்துல அது சிறுத்துப் போகுது, வாசனை பீரோ பூரா நிறையுது. அதையே கறாரா செஞ்சா ஆவியழுத்தம் அளக்கிற முறை ஒண்ணு கிடைக்கும். ஒரு குழாய்க்குள்ள பொருளை வச்சு, அது மேல மெதுவா நைட்ரஜனை ஓடவிட்டு, வாயு எவ்வளவு பொருளைத் தூக்கிட்டுப் போச்சுன்னு மறுபக்கம் பிடிச்சு அளக்கணும். வெற்றிடத்துல ஊசித் துளை வழியா கசியவிட்டு எடை பார்க்கிறது இன்னொரு முறை. மூடின பாட்டில்ல தண்ணி மேல நிக்கிற காத்தை ஊசியில உறிஞ்சிப் பார்க்கிறது மூணாவது. கேக்க எல்லாம் சுலபமாத்தான் இருக்கு. ஆனா இந்தக் கூட்டம் சொன்ன பேச்சு கேக்காது. கண்ணாடிச் சுவத்துல ஒட்டிக்கும். தண்ணியில போட்டா உள்ள கலக்காம மேல்பரப்புல போய்க் கூட்டம் போடும். ஆவியிலயும் ரெண்டு ரெண்டா ஜோடி சேர்ந்துக்கும்.

விளைவு? ஒரே ஃபுளூரோடெலோமர் ஆல்கஹால், ஒரே 25 டிகிரி. நல்ல நல்ல ஆய்வகங்கள்ல 2000-களோட நடுவுல அளந்த எண்கள் ஒண்ணுக்கொண்ணு பத்து மடங்கு விலகி நிக்குது. மளிகைக் கடைக்காரர் அரிசியை இப்படி எடை போட்டா விடுவோமா?

அதைவிடக் கூத்து பி.எஃப்.ஓ.ஏ.வோட அமிலத்தன்மை. இது அமில ரூபத்துல இருந்தா ஆவியாகும், தண்ணியில மின்சுமை ஏறின ரூபத்துக்கு மாறிட்டா ஆவியாகாது. எந்தப் பங்கு எந்த ரூபத்துல இருக்கும்னு சொல்ற எண்ணு பி.கே.ஏ. 2008-ல ஒரு கோஷ்டி அது 3.8-ன்னாங்க. இன்னொருத்தர் கணக்குப் போட்டு, இல்லை, பூஜ்யம் கிட்டன்னார். 3.8 தானே வித்தியாசம்னு நினைச்சுடாதீங்க, இது மடக்கைக் கணக்கு. செம்பரம்பாக்கம் மாதிரி நடுநிலைத் தண்ணியில, முதல் எண் சரின்னா ஏறக்குறைய 1,600-ல ஒரு மூலக்கூறு பறக்கத் தயாரா இருக்கும். ரெண்டாவது எண் சரின்னா ஒரு கோடியில ஒண்ணு. ஏரியில இருந்து காத்துக்குப் போகுதா இல்லையாங்கிற கேள்விக்கு பதில் ஆறாயிரம் மடங்கு ஆடுது. இன்னைக்கு அனேகமா எல்லாரும் தாழ்ந்த எண் பக்கம்தான் சாஞ்சிருக்காங்க. ஆனா அதுக்கு எத்தனை வருஷ மல்லுக்கட்டு!

இந்த எண்கள்ல பெரும்பாலானது 25 டிகிரிக்கு. நம்ம ஊர்ல அது மார்கழி விடியக்காலை. மே மாசம் தகரக் கூரைக்குக் கீழ இருக்கிற குடோன்ல 40 சர்வசாதாரணம். இந்த மாதிரி பொருளுக்கு 10 டிகிரி ஏறினா ஆவியழுத்தம் ரெண்டு மடங்குக்கு மேல ஏறும், 25-ல இருந்து 40 போனா நாலு மடங்கு. ஆவியாக எவ்வளவு வெப்பம் உறிஞ்சுதுன்னு தனியா அளந்தாத்தான் அந்தச் சரிவு தெரியும். குளிர் நாட்டு அட்டவணையை அப்படியே கொண்டு வந்து சென்னைக்கு மாட்டினா, அளவெடுக்காம தைச்ச சட்டை மாதிரிதான் இருக்கும்.

இப்ப தலைப்புக்கு வர்றேன்.

வெப்ப எடைமானின்னு ஒரு கருவி இருக்கு. நான் கொஞ்ச வருஷம் ஒரு மருந்துக் கம்பெனியோட தரக்கட்டுப்பாட்டுல ஆணி புடுங்கினப்போ தினம் அதோடதான் குடித்தனம். தராசுல ஒரு குட்டித் தட்டு, சுத்தி அடுப்பு. தட்டுல சில மில்லிகிராம் பொருள் வச்சு, நிமிஷத்துக்குப் பத்து டிகிரி வீதம் சூட்டை ஏத்திக்கிட்டே போனா, எந்தச் சூட்டில் எவ்வளவு எடை குறைஞ்சுதுன்னு படம் வரைஞ்சு கொடுக்கும். மருந்துல ஈரம் எவ்வளவு, கரைப்பான் மிச்சம் எவ்வளவுன்னு பார்க்கத் தங்கமான கருவி.

இதே தட்டுல பி.எஃப்.ஓ.ஏ. வச்சா என்ன ஆகும்? 54 டிகிரி கிட்ட உருகும். 190 கிட்ட கொதிக்கும். திறந்த தட்டுன்னா அதுக்கு முன்னாடியே ஆவியாகி, 200 டிகிரிக்குள்ள தட்டு துடைச்சு வச்ச மாதிரி ஆயிடும். படத்தைப் பார்க்கிறவன் "200 டிகிரியில பி.எஃப்.ஓ.ஏ. காலி"ன்னு எழுதிட்டுப் போவான். காலியானது தட்டு. சரக்கு முழுசா, ஒரு பிணைப்பு உடையாம, புகைபோக்கி வழியா வெளிய போயிருக்கு. எடை குறையறது வேற, அழியறது வேற. கருவிக்கு இந்த வித்தியாசம் தெரியாது, அது வெறும் தராசு. பின்னாடி ஒரு நிறைமாலைமானி மாட்டி, வெளிய வர்ற ஆவி எதுன்னு பார்த்தாத்தான் தெரியும். இல்லைன்னா பொருளை மூடின குழாய்க்குள்ள அடைச்சு, சூடு பண்ணி, உள்ள இருக்கிற ஃபுளூரின் எந்த ரூபத்துல இருக்குன்னு கணக்கெடுக்கணும்.

இதை ஏதோ ஆய்வகத்து நுணுக்கம்னு ஒதுக்கிடாதீங்க. 2022 ஏப்ரல் கடைசியில பெருங்குடி குப்பைமேடு நாள்கணக்குல எரிஞ்சதே, அதுதான் நான் சொல்ற திறந்த தட்டு. குப்பைமேட்டுத் தீங்கிறது கொழுந்து விட்டு எரியற தீ இல்லை. உள்ளுக்குள்ள காத்தில்லாம கனியற தீ. பல இடத்துல சில நூறு டிகிரிதான். பிஃபாஸை உடைக்க அது பத்தாது. ஆனா கிளப்பி விட அதுவே தாராளம். பக்கத்துலயே பள்ளிக்கரணை சதுப்பு நிலம். அதே 2022-லதான் அதுக்கு ராம்சார் அந்தஸ்து கிடைச்சது. நல்ல பொருத்தம்.

சரி, திறந்தவெளியில எரியக் கூடாது, முறையா உலை வச்சு எரிப்போம், கரன்ட்டும் கிடைக்கும்னு அடுத்த யோசனை. கொடுங்கையூர்ல எரிஉலை வைக்கிற மாநகராட்சித் திட்டத்தை எதிர்த்து 2025-ல வடசென்னைக்காரங்க மனிதச் சங்கிலி நடத்தினாங்க. எதிர்க்கிறவங்க டயாக்சின் பத்திப் பேசறாங்க, ஆதரிக்கிறவங்க ஐரோப்பாவைக் காட்டறாங்க. ஃபுளூரினைப் பத்தி ரெண்டு பக்கமும் பேச்சையே காணோம்.

கணக்கைப் பாருங்க. 2016 திடக்கழிவு விதிகள்ல எரிஉலையோட ரெண்டாவது அறைக்குச் சொன்ன அளவு 950 டிகிரி, 2 நொடி. பி.எஃப்.ஓ.ஏ. மாதிரி நீளச் சங்கிலியை அந்தச் சூடு துண்டாக்கிடும், சந்தேகமில்லை. ஆனா துண்டானது எல்லாம் அழிஞ்சது ஆகாது. துண்டுகள் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து கார்பன் டெட்ராஃபுளூரைடா மாற வாய்ப்பு இருக்கு. ஒரு கார்பன், நாலு பக்கமும் ஃபுளூரின் காவல். இந்தக் குடும்பத்துலயே உடைக்கக் கஷ்டமான ஆள் இவர்தான். 1,400 டிகிரிக்கு மேல போனாத்தான் வழிக்கு வருவார். மைனஸ் 128-ல கொதிக்கிற வாயு, அதனால எந்த வடிகட்டியிலயும் சிக்க மாட்டார். வானத்துல ஆயுள் ஐம்பதாயிரம் வருஷம்.

எரிஉலைன்னாலே விஷம்னு கோஷம் போடுறதுலயும் எனக்கு இஷ்டமில்லை. ஜெர்மனியில கார்ல்ஸ்ரூஹே ஆளுங்க ஒரு சோதனை உலையில டெஃப்லானைப் போட்டு 870 டிகிரியில, 4 நொடி வச்சுப் பார்த்தாங்க. 2019-ல முடிவு வெளியிட்டாங்க. அவங்க தேடின பிஃபாஸ் பட்டியல்ல எதுவும் சொல்லிக்கிற அளவுக்கு உருவாகலை. நல்ல செய்திதான். ஆனா அது என்ன மாதிரி உலை? எரிவாயு ஊத்தி, சூட்டை ஒரு டிகிரி நகராம பிடிச்சு வச்ச உலை. நம்ம குப்பை எப்படி இருக்கும்? பாதிக்கு மேல காய்கறித் தோல், சாம்பார், இளநீர் மட்டை. ஐப்பசி மழையில ஊறின குப்பை லாரியை எங்க ஊர் ஜி.எஸ்.டி. ரோட்ல பின்னாடி போய்ப் பார்த்திருக்கீங்களா? சொட்டச் சொட்டப் போகும். அதை உலையில கொட்டினா, உலையோட சூடு முதல்ல அந்தத் தண்ணியை ஆவியாக்கத்தான் செலவாகும். காகிதத்துல 950, உள்ளுக்குள்ள அங்கங்க எவ்வளவுங்கிறது வேற சமாச்சாரம்.

இதுல ஒரு விசித்திரம் கவனிச்சேன். அதே 2016 விதிகள்ல புகைபோக்கியில வர்ற ஹைட்ரஜன் ஃபுளூரைடுக்கு வரம்பு உண்டு. ஃபுளூரின் பிணைப்பு நல்லா உடைஞ்சா வர்றது அந்த வாயுதான். அதை அளந்து, "வரம்புக்குள்ள இருக்கு, சபாஷ்"னு சான்றிதழ் கொடுப்பாங்க. ஹைட்ரஜன் ஃபுளூரைடு குறைவா இருக்க மூணு காரணம் இருக்கலாம். குப்பையில ஃபுளூரினே கம்மியா இருக்கலாம். சுண்ணாம்பு தெளிச்சு அதை ஒழுங்காப் பிடிச்சிருக்கலாம். இல்லை, பிணைப்பு உடையவே இல்லாம சரக்கு வேற ரூபத்துல பறந்து போயிருக்கலாம். மூணுக்கும் சான்றிதழ்ல ஒரே எண்தான். தட்டு காலி, பரீட்சை பாஸ்.

நடுவுல ஒரு வீட்டு விஷயம். எதிர் ஃபிளாட் அக்கா போன மாசம் நான்-ஸ்டிக் தோசைக்கல்லோட வந்து நின்னாங்க.

"தம்பி, நீ கெமிஸ்ட்ரி தானே? வாட்ஸ்அப்ல இது கேன்சர்னு போட்டிருக்கான். தூக்கிப் போட்டுடவா?"

"தோசை எத்தனை நேரம் சுடுவீங்க அக்கா?"

"ஒரு ஈடு ரெண்டு நிமிஷம். ஏன்?"

"காலிக் கல்லை அடுப்புல வச்சிட்டு சீரியல் பார்க்கப் போவீங்களா?"

"அது உங்க அண்ணன் பண்ணுவார்."

அண்ணன்தான் பிரச்சினை, கல் இல்லைன்னேன். டெஃப்லான் பெரிய பெரிய மூலக்கூறு, ஆவியாகாது. உருகறதே 327 டிகிரியில. 350 தாண்டினா மெல்ல உடைய ஆரம்பிக்கும், 500 கிட்ட வேகமா. தோசைக்கு வேண்டியது 200 சுமார். கடலை எண்ணெய் 230 கிட்டவே புகைஞ்சு நமக்கு எச்சரிக்கை கொடுத்துடும். ஆனா ஒண்ணுமே இல்லாத வெறும் கல், முழுத் தீயில சில நிமிஷத்துல 300 தாண்டலாம். அந்தப் புகைக்கு மனுஷனுக்குக் காய்ச்சல் மாதிரி வரும், கூண்டுல இருக்கிற லவ் பேர்ட்ஸ் செத்தே போயிடும். தயாரிக்கிறப்போ உதவிக்குச் சேர்த்த பி.எஃப்.ஓ.ஏ.வை அமெரிக்கப் பெரிய கம்பெனிகள் 2015-க்குள்ள நிறுத்திட்டாங்க. நம்ம உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2025 அக்டோபர்ல உணவு படுற பொருள்கள்ல பிஃபாஸைத் தடை செய்ய ஒரு வரைவு போட்டிருக்கு. அக்கா கல்லை எடுத்துட்டுப் போயிட்டாங்க. அடுத்த வாரமே இரும்புக் கல் வாங்கிட்டாங்கங்கிறது தனிக் கதை. தோசை அதுலதான் நல்லா வருது, அதுக்கு கெமிஸ்ட்ரி தேவையில்லை.

பார்த்தீங்களா, தோசைக்கல்லைப் பத்தி நான் இவ்வளவு தெம்பாப் பேச முடியுது. ஏன்னா அந்த வெப்ப எண்களை எல்லாம் யாரோ பொறுமையா உட்கார்ந்து அளந்து வச்சிருக்காங்க. அந்தப் பழைய கல்லு குப்பையில போய், பீட்சா அட்டையோடயும் கிழிஞ்ச மழைக்கோட்டோடயும் ஈரச் சாம்பாரோடயும் சேர்ந்து எரியறப்போ என்ன ஆகும்னு யாராவது கேட்டா அதே தெம்பு எனக்கு வராது.

நுரைக்கு வர்றேன்னு சொன்னேன். 2019 டிசம்பர்ல மழைக்கப்புறம் பட்டினப்பாக்கம் கடற்கரை பூரா வெள்ளை நுரை. பசங்க அதுல குதிச்சு விளையாடின படம் உலகம் பூரா பேப்பர்ல வந்தது. சுத்திகரிக்காத சாக்கடையும் சோப்பும்தான் அந்த நுரைக்குக் காரணம். பிஃபாஸும் ஒரு வகையில சோப்பு மாதிரிதான், நீர்ப்பரப்பைத் தேடிப் போய் உட்காரும். அதனால எந்தத் தண்ணியில இது இருந்தாலும் அதோட நுரையில செறிவு ஏறும். ஆவியே ஆகாத பி.எஃப்.ஓ.எஸ். கூட குமிழி வெடிக்கிறப்போ தெறிக்கிற துளியில தொத்திக்கிட்டு காத்துல ஏறிடும். ஸ்வீடன் ஸ்டாக்ஹோம் ஆய்வாளர்கள் அட்லான்டிக் கடல் காத்துலயே இதை அளந்து 2024-ல வெளியிட்டாங்க. ஆவியழுத்த அட்டவணையை மட்டும் பார்த்தா "இது பறக்காது"ன்னு எழுதிட்டுப் போயிருப்போம். ஐ.ஐ.டி. ஆய்வு அடையாத்துத் தண்ணியில இருக்குன்னு சொல்லியாச்சு. அந்த ஆறு கடல்ல விழற இடத்துல அடுத்த தடவை நுரை பொங்கறப்போ, நுரையைத் தனியா, தண்ணியைத் தனியா, கரையில காத்தைத் தனியா பிடிச்சு அளக்கணும். மூணு பாட்டில் வேலை. பாட்டில் மட்டும் கண்ணாடியா இருக்கக் கூடாது, ஒட்டிக்கும். டெஃப்லான் மூடியும் கூடாது, காரணம் சொல்ல வேண்டியதில்லை :-)

எங்க ஏரியாவுக்கே இன்னொரு கேள்வி உண்டு. வடக்க மீனம்பாக்கம், பக்கத்துலயே தாம்பரம் விமானப்படைத் தளம், தலைக்கு மேல பயிற்சி விமானம் சுத்திகிட்டே இருக்கும். எண்ணெய்த் தீயை அணைக்கிற ஃபுளூரின் நுரையை 1960-கள்ல அமெரிக்கக் கடற்படைதான் கொண்டு வந்தது. அப்புறம் உலகம் பூரா ஓடுபாதைகள்ல அதுதான். அமெரிக்காவுல நூத்துக்கணக்கான ராணுவத் தளங்களைச் சுத்திக் கிணத்துத் தண்ணியில பிஃபாஸ் கண்டுபிடிச்சிருக்காங்க. நான் யார் மேலயும் பழி போடலை. ஓடுபாதை இருக்கிற ஊர்ல கிணத்தைச் சோதிக்கிறது உலக நடைமுறை, அதை இங்கயும் செய்யுங்கன்னு கேக்கிறேன். 2021-ல மாநகராட்சி ஆனதுல இருந்து வரி மட்டும் மாநகராட்சி ரேட்ல கட்டுறோமே.

இதெல்லாம் வெள்ளைக்காரன் அளந்துக்குவான், நாம பார்த்து எழுதிக்கலாம்னு சொல்ற நண்பர் ஒருத்தர் இருக்கார். அவர் கிட்ட சண்டை போட்டு அலுத்துட்டேன். ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில பி.எஃப்.ஓ.எஸ். பேர் ஏறினது 2009-ல. நம்ம மத்திய அமைச்சரவை 2020-ல ஏழு ரசாயனங்களுக்கு ஒப்புதல் கொடுத்தப்போ அந்த ஏழுல பி.எஃப்.ஓ.எஸ். இல்லை. வெள்ளைக்காரன் எண்ணைப் பார்த்து எழுதறதுக்கே பதினோரு வருஷம் போதலை. அவன் உலையில நம்ம சாம்பார் எரியாது. அவன் அட்டவணையில மே மாசம் கிடையாது.

நான் கேக்கறது பெரிய செலவு இல்லை. எந்த எரிஉலைக்கு ஒப்பந்தம் போட்டாலும் அதுல ஃபுளூரின் வரவு செலவுக் கணக்கை ஒரு நிபந்தனையா வைக்கணும். உள்ள போன குப்பையில மொத்த ஃபுளூரின் எவ்வளவு, சாம்பல்ல எவ்வளவு, சுண்ணாம்புல எவ்வளவு, புகைபோக்கியில ஹைட்ரஜன் ஃபுளூரைடா எவ்வளவு, டெட்ராஃபுளூரைடா எவ்வளவு. மொத்த ஃபுளூரினை அளக்கிறதுக்கு எரிப்பு அயனி நிறவியல்னு முறையே இருக்கு, ஒவ்வொரு பிஃபாஸையும் தனித்தனியா தேட வேண்டாம். வரவும் செலவும் பொருந்தலைன்னா மிச்சம் எங்க போச்சுன்னு ஒப்பந்தக்காரர் பதில் சொல்லணும். அளக்கிறதும் வருஷத்துக்கு ஒரு தடவை, உலை அலங்காரம் பண்ணி நிக்கிற நாள்ல இல்லை. ஐப்பசியில ரெண்டு தடவை, குப்பை சொட்டச் சொட்ட வர்ற அன்னைக்கு.